மூலையில்லாத கூடத்தில் மாமா நின்ற கதை

சகல சாஸ்திரங்களையும் கரைத்துக் குடித்து ஏப்பம் விட்டவரும், ஒரு தூண்கூட இல்லாமல் கூடம் எழுப்பியவரும், என் ஒரே அக்காவின் ஒரே பிள்ளையுமான மருமகப்பிள்ளைக்கு, உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இங்கு அனைவரும் நலம். இனி எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். முப்பது வருஷம் ஃபிட்டராக உழைத்த இந்தக் கைமேல் ஆணை, நம்பவே மாட்டார்கள்.

"வாங்க மாமா, இவருதான் என் மாமான்னு எல்லார்கிட்டயும் காட்டணும்" என்று திறப்பு விழாவுக்குக் கூப்பிட்டாய் அல்லவா? அந்த ஒரு சொல்லுக்காக, சட்டை கசங்கக்கூடாதென்று ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் சாயாமலே வந்தேன். உங்கள் பல்கலைக்கழக மைதானத்தில் நிலா பாதி புதைந்து கிடந்தது. கிட்டப் போனால் அதுதான் உன் கூடம்! ஆயிரக்கணக்கான கம்பி முக்கோணங்களைப் பூட்டிக் கவிழ்த்த கிண்ணம். அண்ணாந்து பார்த்த கழுத்து நாலு நாள் இறங்கவில்லை. பெருமை தாங்காமல் ஓர் இணைப்பைத் தொட்டேன். ஆடியது. "டேய், இந்த நட்டு லூஸுடா!" என்றேன். துணைவேந்தர் திரும்பினார். நீ வெளுத்துப் போனாய்.

"மாமா... கொஞ்சம் அந்த மூலையில நில்லுங்களேன்."

நின்றிருப்பேன். வட்டக் கூடத்தில் மூலைக்கு எங்கே போவேன்? கட்டியவனுக்கே தெரியாதா? இருக்கிற மூலையெல்லாம் கூரை முக்கோணங்களில். அங்கே பல்லிதான் நிற்கும். சுற்றினேன், சுற்றினேன், செருப்பு தேய்ந்து வார் மட்டும் மிஞ்சியது, வானியல் துறைக்காரர்கள் புதுக் கோள் என்று குறிப்பெடுத்தார்கள், ஒரு பெண் எனக்குப் பெயரே வைத்துவிட்டாள். கடைசியில் உனக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து கால் ஓய்ந்து நின்றேன். உன் கூரைக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறதப்பா. அங்கே முணுமுணுத்தால் வழுக்கிக்கொண்டு வந்து இங்கே காதில் விழுகிறது.

"யாரு அவரு?" என்றது துணைவேந்தர் குரல்.

"ரிப்பேருக்கு வந்த ஆளு சார்."

என் மீசை அங்கேயே உதிர்ந்தது. இரண்டு பேர் துடைப்பத்தோடு வந்து கூட்டினார்கள். உன்மேல் தப்பில்லை. மாமா என்பது இரண்டே எழுத்துதான், ஆனாலும் பெரிய மனிதர்கள் முன்னால் தூக்க முடியாத கனம்.

இடி மழை தாங்கி உன் கூடமும் நீயும் நூறாண்டு நிற்க ஆசீர்வாதம். இனியாவது எதிர்ப்பக்கம் யார் என்று பார்த்துப் பேசவும்.

பின்குறிப்பு: அக்கா இதைப் படித்தால் அத்தனையும் என் புளுகு என்று சொல்லிவிடு. நீ என் தோளில் கைபோட்டு எல்லோரிடமும் காட்டினாய் என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் நிஜம். நீங்களெல்லாம் சாப்பிடப் போனபின் காவலாளியிடம் ஸ்பேனர் வாங்கி அந்த நட்டை முறுக்கினேன். "நீங்க யாருங்க?" என்று கேட்டார். நீ சொன்னதையே சொன்னேன்.