அய்யாவு பிடித்த கரண்டி

இன்றைக்கு மாமனாரைத் தட்டைக் காலி செய்யவைக்காமல் விடுவதில்லை என்று அய்யாவு பல் தேய்க்கும்போதே சபதம் எடுத்தார். ரிட்டயர் ஆன பிறகு உருப்படியாகச் செய்யப்போகிற முதல் வேலை.

பக்கவாதம் வந்த மாமனார் கோவிந்தராஜன் பெங்களூர் ஜோகுபாளையத்தில் மகள் வீட்டோடு இருக்கிறார். விழுங்கக் கஷ்டம். எதையும் கட்டியில்லாமல் மசித்துத்தான் கொடுக்க வேண்டும், அவசரப்பட்டால் புரையேறிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதற்காகவே மனைவி யசோதா ஆஸ்டின் டவுன் தையல் கடை வேலையை விட்டாள். கடைக்காரம்மா இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார். "நீ போயிட்டா மாமாவுக்கு யாரு ஊட்டுறது? அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்று அய்யாவு அந்தப் பேச்சை முளையிலேயே கிள்ளிவிடுவார்.

இப்போது சில நாளாக மாமனார் சாப்பிடவே மாட்டேன் என்கிறார். நேற்றும் சோறு, பருப்பு, பீட்ரூட், பூசணி எல்லாவற்றையும் யசோதா மிக்ஸியில் ஒன்றாகப் போட்டு அடித்தாள். வந்தது அசல் சிமெண்ட் கலவை. மாமனார் ஒரு வாய் வாங்கினார். துப்பினார். காலமெல்லாம் பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், மறுப்பதையும் கன்னடத்திலேயே மறுத்தார்.

"பேடா!"

"வேணாமாம். நான் இன்னா பண்ணட்டும்?" என்றாள் யசோதா.

"இதை யாருடி தின்னுவா? செவுத்துல பூசலாம். சாப்பாடு வாய்க்குப் போறதுக்கு முன்னாடி கண்ணுக்குப் போகணும்!"

"பேசுறது சுலபம். நீங்க ஊட்டிப் பாருங்களேன்."

"ஊட்டிக் காட்டினா?"

"அடுப்படியை உங்ககிட்டயே விட்டுர்றேன். அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன்."

"சத்தியமா?"

"எங்கப்பா மேல சத்தியம்."

தோற்கப்போகிறவள் எவ்வளவு தைரியமாகப் பேசுகிறாள்! அய்யாவுக்கு மனைவிமேல் இரக்கமே வந்துவிட்டது.

இன்றைக்கு லுங்கியை மடித்துக் கட்டினார். பீட்ரூட்டைத் தனியாக, பூசணியைத் தனியாக அரைத்தார். திப்பி நின்றுவிடுமோ என்று பயந்து வடிகட்டினார். பருப்பும் நெய்யும் விட்டுக் குழைத்த சோற்றைக் கிண்ணத்தில் அழுத்தித் தட்டில் கவிழ்த்தார். சுற்றிலும் சிவப்பும் மஞ்சளுமாக வைத்தார். கல்யாண வீட்டுத் தட்டு தோற்றது. புறங்கையில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்தார். மாமனாரை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொன்னார்.

"மாமா, நீங்க கண்டக்டர். நான் டிரைவர். நீங்க 'ரைட்' சொல்லாம வண்டியை எடுக்கமாட்டேன்."

முதலில் அரை ஸ்பூன். மாமனார் வாங்கினார். நாக்கில் உருட்டினார். தொண்டை ஏறி இறங்கியது. அய்யாவு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமல் வரவில்லை.

"ரைட்," என்றார் மாமனார்.

அய்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஹோல்டான்" என்றால் ஸ்பூன் நின்றது, "ரைட்" என்றால் நகர்ந்தது. ஒரு துளி மிச்சமில்லாமல் தட்டு காலியானது.

"அடியே யசோதா! வந்து பாரு! இப்ப அடுப்படி யாருது?"

"உங்களுதுதாங்க." யசோதா புதுச்சேலை கட்டி, கையில் டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"தையல் கடைக்கு. இன்னியிலருந்து வரேன்னு சொல்லிட்டேன். அப்பாவை உடனே படுக்க விடாதீங்க, கொஞ்ச நேரம் உக்காந்தே இருக்கட்டும். சாயங்காலம் இட்லியைச் சாம்பார்ல ஊறவெச்சு நல்லா மசிச்சுக் குடுங்க."

"அப்போ இத்தனை நாளு இவரு துப்பினது?"

"நான்தான் துப்பச் சொன்னேன். நீங்க வாக்கிங் போனதும் வயிறு நெறையச் சாப்பிட்டுக்குவாரு."

செருப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் உற்சாகமாகக் கேட்டது. அய்யாவு திரும்பி மாமனாரைப் பார்த்தார். மாமனார் அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "பேக்கு" என்றார்.

கன்னடத்தில் பேக்கு என்றால் வேண்டும். அய்யாவு ஆசையோடு ஸ்பூனை எடுத்தார். "இன்னும் வேணுமா மாமா?"

"இது கன்னடம் இல்ல, மாப்ள. தமிழ்."