கணக்கில் இல்லாத ஊசி

வரைபடம் வரைபவர்கள் மரியாதை கருதி விட்டுவிட்ட நாடு ஒன்று உண்டு. பெயர் நலம்புரி.

அந்நாட்டு மருத்துவமனையில் புற்றுக்கட்டியைச் சுட்டெரிக்கும் கதிர் ஊசிகள் இருந்தன. அரிசியைவிடச் சிறியவை. நோயாளியின் உடலில் வைத்து, வேலை முடிந்ததும் எடுத்து ஈயச் செப்பில் மூடிவிட வேண்டும். வெளியே கிடந்தால் பக்கத்தில் நிற்பவரைச் சத்தமில்லாமல் கொல்லும்.

செப்புகளின் மூடியில் மன்னர் முகம் இருந்தது. தணிக்கையின்போது மூடியைத் திறப்பது மன்னரைச் சந்தேகிப்பதாகும். ஆகவே செப்புகளை மட்டும் எண்ணினார்கள்.

ஒருநாள் ஓர் ஊசி போர்வையோடு சலவைக்கூடத்துக்குப் போய்விட்டது. அங்கே துவைத்த செவ்வந்தியின் விரல்கள் தீயில்லாமல் வெந்தன. பிறகு முடி கொட்டியது. பிறகு இறந்தாள். அவள் கணவன் நன்னன் அழவில்லை. அவள் தங்கை பொன்னருவி அதே தொட்டியில் இன்னும் துவைத்துக்கொண்டிருந்தாள். அவன் நலத்துறை அமைச்சரிடம் போனான்.

“ஐயா, ஊசி ஒண்ணு தொலைஞ்சிருக்கு. சலவைக்கூடத்துல தேடணும்.”

“செப்புகள் அனைத்தும் உள்ளன. எனவே ஊசிகள் அனைத்தும் உள்ளன.”

மறுநாள் ‘தொலைந்தது’ என்ற சொல் தடை செய்யப்பட்டது. கதிர்பட்டால் கறகறக்கும் கருவிகள், அரசை அவதூறு செய்வதாகப் பழைய இரும்புக்குப் போடப்பட்டன. விரல் வெந்த பெண்களுக்கு மன்னர் முகம் பொறித்த கையுறைகள் விழா எடுத்து வழங்கப்பட்டன.

நன்னன் பழைய இரும்புக் கடையில் ஒரு கருவியையும் நீண்ட இடுக்கியையும் ஈயச் செப்பையும் வாங்கிக்கொண்டு சலவைக்கூடத்துக்குப் போனான். பொன்னருவி கையை நீட்டினாள். கையுறை புண்ணோடு ஒட்டியிருந்தது.

“பாத்தீங்களா மாமா? ராஜா கையப் புடிச்சாரு, விடவே மாட்டேங்குறாரு.”

“எல்லாரையும் கூட்டிட்டு வெளிய போ.”

வடிகால் ஓரம் கருவி கறகறத்தது. இடுக்கியால் ஊசியை எடுத்து ஈயச் செப்பில் போட்டு மூடி, அவைக்குக் கொண்டுபோனான்.

அமைச்சர் எழுந்தார். “கணக்கு சரியாக இருப்பதால் இது மிகை ஊசி. அரசுக்குச் சொந்தமில்லாததை அரசு பெற்றுக்கொள்ளாது. வீட்டுக்கு எடுத்துச் செல்க.”

“சரிங்க. அரசு கணக்குல இல்லாத ஊசி சுடாதுல்ல?” நன்னன் செப்பை அமைச்சரின் மேசையில் வைத்து, மூடியில் கை வைத்தான்.

“டேய், தொறக்காதடா! நான் புள்ளகுட்டிக்காரன்டா!”

மூடி திறக்கவேயில்லை; அதற்குள் அமைச்சர் மேசைக்கு அடியில் இருந்தார். மற்றவர்களுக்கு வாசல் போதவில்லை.

அந்தக் கூச்சல் அன்றே அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. மண்டபத்தைக் கழுவிவிடச் சலவைக்கூடப் பெண்களுக்கு ஆணை வந்தது.

யாரும் போகவில்லை. நன்னன் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தான். பெண்கள் பின்னால் வந்தார்கள். அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இடுக்கியால் முதல் செப்பின் மூடியைத் தூக்கினான். கருவி கறகறக்கவில்லை; உள்ளே ஊசி இல்லை. அடுத்ததைத் திறந்தான். அதிலும் இல்லை.

அமைச்சர் சொன்னது உண்மை. செப்புகள் அனைத்தும் இருந்தன.