பயனாளிக்கு ஒரு கிளைடர்

மனிதன் பறக்கக் கற்றது சாதனைதான். எதைப் பறக்கவிடுவது என்று முடிவெடுக்கக் கற்றது அதைவிடப் பெரிய சாதனை. முன்னதை வரலாறு எழுதிவைத்திருக்கிறது. பின்னதை நான் எழுதுகிறேன்.

என் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். அவள் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு மாலை வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"எனக்கு ஒரு கிளைடர் வேணுங்க. மோட்டார் இல்லாதது. கையால வீசணும், அப்புறம் ரிமோட்ல திருப்பணும். முதல் தடவைங்கறதால சின்னது போதும். விலையும் ஜாஸ்தி வேண்டாம்."

"திடீர்னு எதுக்கு?"

"பத்தொன்பது வருஷமா வர்றவங்க எல்லார்கிட்டயும் மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்கன்னு சொல்லிட்டிருக்கேன். ஏதாவது ஒண்ணு அசையறதப் பாக்கணும்."

நான்கு மாதம் கழித்து அவளுக்கு ஒரு வாரம் விடுப்பு. அந்த வாரத்தில் பறக்கவிட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான். கோரிக்கை அவ்வளவே.

சாதாரணக் கணவன் அன்றே கடைக்குப் போயிருப்பான். நான் பம்பு ஆலையில் கொள்முதல் மேலாளர். ஒரு திருகாணி வாங்கவே எங்களுக்கு மூன்று கூட்டம் தேவைப்படும். இது பறக்கும் பொருள்.

'முதல் கிளைடர் தேர்வுக் குழு' அமைந்தது. தலைவர் நான். செயலாளர் மைத்துனன், அதாவது அவள் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஆகவே தொலைநோக்கு உள்ளவன். இருவரும் கிளைடரைத் தொட்டதே இல்லை. இவ்வளவு நடுநிலையான குழு அமைவது அரிது.

மனைவியையும் உறுப்பினராக்கலாமா என்று முதல் கூட்டத்தில் பரிசீலித்தோம்.

"அக்கா பயனாளி, மாமா. பயனாளியே குழுவுல உக்காந்தா நாளைக்கு நாலு பேர் கேள்வி கேப்பாங்க."

"நியாயம். குறிப்புல எழுது."

அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த பயனாளி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னை ஒண்ணுமே கேக்க வேண்டாமா?"

"உன்கிட்ட என்னக்கா கேக்கறது?"

"அதையும் நான்தான் சொல்லணுமா?"

அடுத்த பொருளுக்குப் போனோம்.

மூன்று மாதம் உழைத்தோம். நாற்பத்தொரு கட்டங்கள் கொண்ட அட்டவணை தயாரானது. இறக்கையின் நீளம், எடை, உடைந்தால் எந்தப் பசை ஒட்டும், உதிரி பாகம் கிடைக்குமா, காரின் டிக்கியில் அடங்குமா. பெட்டியின் நிறத்துக்கு மட்டும் இரண்டு அமர்வுகள். தெர்மாகோலில் செய்தது மலிவு. கௌரவம் போதாது என்று செயலாளர் நிராகரித்தார். முழுக்கக் கார்பன் இழையில் செய்தது அருமை. அந்த விலைக்கு ஸ்கூட்டர் வரும். நடுவில் ஒன்று இருந்தது. ஒரு மீட்டர் இறக்கை, எடையே இல்லாத பால்சா மரம், கையைக் கடிக்காத விலை. அதைத் தேர்ந்தெடுக்க விடாமல் எது தடுத்தது என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் முழு மூச்சாகத் தடுத்தது.

விடுப்பு தொடங்கியது. திங்களன்று அவள் ஒரு தொப்பி வாங்கினாள். செவ்வாயன்று பள்ளி மைதானத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். புதனன்று மொட்டைமாடியில் நின்று, விரலை நனைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். வியாழனன்று நாங்கள் இறுதிக் கூட்டம் நடத்தி, அந்தப் பால்சாவுக்கே ஆர்டர் கொடுத்தோம்.

ஞாயிறு காலை பெட்டி வந்தது. மறுநாள் அவளுக்கு வேலை.

பாகங்களை அவளே பூட்டினாள். நாற்பது நிமிடம். மாலை நான்கு மணிக்கு மூவரும் மைதானத்தில் நின்றோம். செயலாளர் கையேட்டைப் பிரித்து முழங்கினார்.

"இறக்கை நுனியில ஒரு முளை இருக்கும்க்கா. அதை ரெண்டு விரலால பிடிச்சுக்க. உடம்போட ஒரு சுத்து சுத்தி, வட்டு எறியற மாதிரி விட்டுடு. சர்ருன்னு மேல போயிடும்."

அவள் வலது இறக்கையின் நுனியைத் தடவினாள்.

"முளையைக் காணோமே."

"அந்தப் பக்கம் இல்ல. இடது இறக்கைல இருக்கு பாரு."

"அது வலது கைக்காரங்களுக்குடா."

"நீ வலது கைதானே?" என்று கேட்டேன்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது போலிருந்தது.

மைத்துனன் தன் வலது கன்னத்தை மெல்லத் தடவிக்கொண்டான்.

"ஆமா மாமா. சின்ன வயசுல அக்காகிட்ட வாங்கினதெல்லாம் இந்தப் பக்கம்தான்."

"இதை ஏண்டா குழுவுல சொல்லல?"

"அதுக்குக் கட்டமே இல்லையே மாமா."

கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் அவசரக் கூட்டம் கூடியது. பொருள் ஒன்று: திருப்பி அனுப்பி, இடது கைக்கான மாதிரியைத் தருவிப்பது. ஆகும் காலம் மூன்று வாரம். பொருள் இரண்டு: முக்கியத் தகவலை வெளியிடத் தவறிய பயனாளிக்குக் கண்டனம் தெரிவிப்பது. பொருள் மூன்றை எடுத்தபோது செயலாளர் அலறினார்.

"அக்கா! கையேட்டுல அப்படி இல்லக்கா!"

அவள் கிளைடரின் வயிற்றைப் பிடித்திருந்தாள். ஈட்டி எறிபவள்போல நாலடி ஓடினாள்.

"கையேட்டையா பறக்கவிடப் போறேன்? தள்ளுடா!"

இடது கையால் வீசினாள். முதல் முறை புல்லில் மூக்கைக் குத்தியது. இரண்டாம் முறை என் தலைக்கு மேல் போனது, குழு குனிந்தது. மூன்றாம் முறை, பள்ளியின் கூரை உயரத்துக்கு ஏறி, சாய்ந்து, திரும்பி, சத்தமே இல்லாமல் அவளை நோக்கி வந்தது. தொப்பி பின்னால் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

குழுவின் தேர்வு சரியானது என்பது இவ்வாறு ஐயமின்றி நிரூபணமானது. அங்கேயே, காரின் பானெட்டில் வைத்து, நிறைவு அறிக்கையை எழுதினேன். 'பயனாளி முழுத் திருப்தி தெரிவித்தார்.' கீழே அவள் கையெழுத்து வேண்டும்.

"ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடேன்!"

"ரெண்டு கையும் ரிமோட்டுல இருக்கு. அப்புறம் பாக்கலாம்."

வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவள் வருவதாக இல்லை. அவள் கையெழுத்தை நானே போட்டேன். எனக்கு இது புதிதல்ல. வங்கித் தாள், வாடகைத் தாள், பிள்ளையின் பள்ளித் தாள், எல்லாவற்றிலும் இத்தனை வருடமாக அவளுக்குச் சிரமம் வைக்காமல் நான்தான் போட்டுவருகிறேன். கை தானாக ஓடியது.

மைத்துனன் தாளை வாங்கி, கண்ணாடிக்காரன் கண்ணோடு வெகுநேரம் பார்த்தான்.

"எழுத்தெல்லாம் அச்சு அசல் அக்கா எழுத்துதான் மாமா. அவ போட்டா மட்டும் இடது பக்கம் சாயும்."