ஓட்டோவுக்குத் தோல் உரிகிறது

என் கணவர் உருத்திரமூர்த்தி பொய் சொல்ல மாட்டார் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். பொய் சொல்லத் தெரியாது என்று செய்வேன். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற சின்ன இடத்தில்தான் பத்தொன்பது வருஷமாக எங்கள் குடும்பம் நடக்கிறது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு பெப்ரவரி. சுவிஸின் ஷாஃப்ஹவுசனில் மூக்கை வெளியே நீட்டினால் மூக்கு திரும்பி வருமா என்று சந்தேகம். எங்கள் மேல்மாடியில் தனியாக இருக்கும் பெண்மணி ஃபிராவ் ஷெல்லிங் இரண்டு கிழமை கனேரித் தீவுக்கு வெயில் காயப் புறப்பட்டார். போகமுன் தன் பச்சோந்தியைக் கண்ணாடிப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் ஹோலில் வைத்தார். பெயர் ஓட்டோ. பூர்வீகம் யேமன். தலையில் கத்தோலிக்க ஆயரின் தொப்பி மாதிரி உயர்ந்த கொண்டை.

"எனக்கு வீட்டில் பேச்சுத் துணைக்கு இவன் ஒருவன்தான்" என்று ஃபிராவ் ஷெல்லிங் எங்களுக்கு விளங்கும்படி மெதுவாக ஜெர்மனில் சொன்னார்.

என் மனிசன் நெஞ்சை நிமிர்த்தி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார். "கவலைப்படாமல் போங்கோ. திரும்பி வரேக்கை இவன் இப்ப இருக்கிறதைவிடத் திறமா இருப்பான்."

இந்த மனிசன் இருக்கிறதை இருக்கிறபடி விட்டதாகச் சரித்திரமே இல்லை.

பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாற்பது வாட் பல்ப். மேல்கிளைக்கும் பல்புக்கும் இடையில் முப்பது சென்ரிமீற்றர். வெட்டுக்கிளி, தண்ணீர், மிருக வைத்தியரின் நம்பர். கடைசி வரி: தோல் உரிந்தால் பயப்பட வேண்டாம்.

ஓட்டோவை எனக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் இவரையும் ஒரே நேரத்தில் பார்த்தது. கொன்வென்ரில் நாங்கள் சோதனை எழுதும்போது மண்டபத்தில் காவல் நின்ற சிஸ்ரருக்குப் பிறகு, அந்தத் திறமை உள்ள ஒருவரை அன்றுதான் கண்டேன். ஒரு அடி வைக்க முன் மூன்று தரம் யோசிக்கும். எங்கள் வீட்டில் அப்படி யோசிக்கிற ஆண்பிள்ளை வந்ததும் அதுதான் முதல் தடவை.

"ஜெயந்தி, இவன் எங்கட ஆள் காணும். சூட்டு நாட்டான். பாரும், விறைச்சுப் போய் இருக்கிறான்."

"விறைக்கேல்லை. அது அவரின்ரை இருப்பு."

"உமக்கென்ன தெரியும்? நான் இஞ்சை வந்த முதல் மாரிக் குளிருக்கு, அகதி முகாமிலை ரெண்டு காற்சட்டை போட்டுக்கொண்டு படுத்தனான். ஒருத்தனும் கேக்கேல்லை, குளிருதோ எண்டு."

நான் அவரை ஓட்டோவோடு தனியே விட்டு, சமைக்கக் குசினிக்குள் போய்விட்டேன். அதுதான் பிழை.

புதன்கிழமை என் கண் மங்கியது. ஹோலில் இருந்து பத்திரிகை வாசித்தால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது.

"இஞ்சருங்கோ, எழுத்து வடிவாத் தெரியேல்லை."

"வயசு போகுதெல்லே. நாற்பத்தாறிலை எல்லாருக்கும் வாறதுதான். ஒரு கண்ணாடி எடும்."

எனக்கு நாற்பத்தைந்து. இதை அவர் என் முகத்தைப் பாராமல், சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் கண்ணாடிக் கடையில் நாள் குறித்து வைத்தேன்.

ஞாயிறு காலை ஓட்டோ வெளிறிப்போய் இருந்தது. உடம்பெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி. பிறகு அது செய்த வேலையை நான் தேத்தண்ணி ஆறும்வரை நின்று பார்த்தேன். கிளையில் முதுகை உரசியது. கன்னத்தைத் தேய்த்தது. தோல் மெல்லிய வெள்ளைக் கடுதாசியாகக் கிளம்பி, துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. அடியில் இருந்து வந்த பச்சை இருக்கிறதே, கடையில் அந்த நிறத்தில் ஒரு சீலை கிடைத்தால் விலை கேளாமல் வாங்குவேன். பத்து மணிக்குள் ஓட்டோ புதுமாப்பிள்ளை.

கொண்டையைத் தவிர.

கொண்டையின் உச்சியில் ஒரு பத்து சதக் காசளவு இடம் உரியவில்லை. கடுதாசி மாதிரிக் கிளம்பவும் இல்லை. மண்ணிறமாக, தடித்து, ஒட்டிப் பிடித்துக் கிடந்தது. விளிம்பில் ஈரம்.

குசினியில் நின்ற எவளுக்கும் இது தெரியும். அவித்த உருளைக்கிழங்கின் தோல் தானாகக் கழன்று வரும். அடியில் மினுமினுப்பாக இருக்கும். நெருப்பில் வாட்டிய கத்தரிக்காயின் தோல் கருகி ஒட்டிக்கொள்ளும். அடியில் சதை வெந்திருக்கும். ஓட்டோ உடம்பெல்லாம் உருளைக்கிழங்கு. உச்சி மட்டும் கத்தரிக்காய். தோல் இடம் பார்த்து உரியாது. சூடுதான் இடம் பார்க்கும். பல்புக்கு எது கிட்டவோ அதைப் பிடிக்கும்.

கையை மேல்கிளையில் வைத்தேன். பத்து எண்ணமுன் எடுத்துவிட்டேன். உடனே லைற்றை அணைத்தேன்.

"இஞ்சருங்கோ, இது சூட்டுக்காயம்."

"உரியிது."

"மற்ற இடமெல்லாம் உரிஞ்சு முடிஞ்சுது."

"இதுவும் உரியும். தாளிலை போட்டிருக்கே, பயப்பட வேண்டாமெண்டு."

"நீங்கள் எப்ப தொடக்கம் ஜெர்மன் வாசிக்கிறியள்? வரிப் படிவம் வந்தால் விளங்கேல்லை எண்டு என்னட்டை நீட்டுறனீங்கள்."

"இதுக்கு மட்டும் விளங்குது."

"லைற்றிலை ஏதும் கை வைச்சனீங்களோ?"

"நானோ? சீ!"

சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பல்பைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். 'அந்த மனிசி போட்டதே அப்பிடித்தான்' என்று நிற்பார். வைத்தியர் என்ன நடந்தது, எத்தனை நாளாக என்று கேட்பார். அதற்கு எனக்கு மறுமொழி வேண்டும். மனிசனின் வாயிலிருந்து வேண்டும். சண்டை பிடித்தால் மத்தியானமாகும். ஓட்டோவுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

"சரி. நீங்கள் சொல்லுறதுதான் சரி. உரியிது. அப்ப ஒண்டும் செய்யத் தேவையில்லை, தானாச் சரிவரும். நான் கீழை உடுப்புத் தோய்க்கப் போறன்."

"ஓம் ஓம், போயிட்டு வாரும்."

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்தால் கீழ்வீட்டுக்காரர் பொலிசுக்கு டெலிபோன் அடிப்பார். பன்னிரண்டு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறவருக்கு அது உறைக்கவே இல்லை. அவ்வளவு அவசரம், என்னை அனுப்ப.

கூடையோடு வெளிக்கதவுக்குப் பின்னால் நின்றேன். சைவப் பிள்ளையானாலும், படித்த இடத்தின் பழக்கம், பத்து 'அருள் நிறைந்த மரியே' சொன்னேன். பிறகு சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன்.

என் மனிசன் நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார். இடக்கையில் ஓட்டோ. பக்கத்தில் என் நல்ல பீங்கான் தட்டத்தில் தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள்.

"கொஞ்சம் பொறடா ராசா. எரியும். எனக்குத் தெரியும். நான்தானடா மடையன். குளிருமெண்டு நினைச்சன்... இஞ்சை பார். எங்கை பாக்கிறாய்?"

ஓட்டோ ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. மறு கண்ணால் என்னைப் பார்த்தது.

மனிசன் மெல்லத் திரும்பினார்.

"தோல் உரியிறதுக்கு ஆராவது மஞ்சள் பூசுவினமோ?" என்றேன்.

சுவரைப் பார்த்தார். "அழகுக்கு" என்றார்.

சொன்னேனே, தெரியாது என்று.

"எத்தினை வாட்?"

"என்னது?"

"எத்தினை வாட்?"

"நூறு."

"எண்டைக்குத் தொடக்கம்?"

"செவ்வாய்."

"அந்த நூறு வாட் பல்ப் எங்கையிருந்து வந்தது?"

அவர் கண் மேலே போனது. நானும் பார்த்தேன். எங்கள் ஹோல் விளக்கில் ஓட்டோவின் நாற்பது வாட் பல்ப் கள்ளமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப என்ரை கண்?"

"உம்மடை கண்ணிலை ஒரு பிழையும் இல்லையப்பா" என்றார், ஏதோ நகை வாங்கித் தந்தவர் மாதிரி.

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? ஆனால் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். றெஸ்ரோறன்ரில் சட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல் அது. அந்த விரல் நுனி ஓட்டோவின் கொண்டையில் இறகு போலப் பட்டதைக் கதவடியில் நின்று கண்டேன். பத்து மந்திரம் சொல்லும் நேரம் நான் பந்தயம் கட்டி நின்றது அதன் மேல்தான். ஒரு சீவன் நோவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க இந்த மனிசனால் முடியாது. அகப்படுத்துவதற்கு அவருடைய நல்ல குணத்தைவிட வேறு பொறி எனக்கு எந்த நாளும் தேவைப்பட்டதில்லை.

அன்றே வைத்தியருக்கு டெலிபோன் அடித்தேன். அடுத்த நாள் மனிசன் ஓட்டோவைத் தன் ஜக்கெற்றுக்குள் வைத்து, பஸ்ஸில் யாரும் இடிக்காமல் நின்றுகொண்டே கொண்டுபோனார். வைத்தியர் மருந்துக்களி தந்தார். எண்ணெய், மஞ்சள் எதுவும் இனிக் கூடாது என்றார். இரண்டு நாள் பிந்தியிருந்தால் கொண்டையில் பாதி போயிருக்கும் என்றும் சொன்னார். மஞ்சள் கறையை அவராலும் எடுக்க முடியவில்லை. ஓட்டோ பச்சையாகும், மண்ணிறமாகும், கோபம் வந்தால் கறுக்கும். உச்சிப் பொட்டு மட்டும் அசையாத மஞ்சள்.

தினமும் விடிய, வேலைக்குப் போகமுன், மனிசனே களி பூசினார். காயம் காய்ந்து வந்தது. ஃபிராவ் ஷெல்லிங் வரும் நாளும் நெருங்கியது.

"நீங்கள்தான் சொல்ல வேணும்" என்றேன். "நான் சொன்னால் வடிவாச் சொல்லுவன், பிறகு கவலைப்படக் கூடாது."

ஒரு கிழமை ஜெர்மனில் பாடமாக்கினார். ஃபிராவ் ஷெல்லிங் வெயிலில் மூக்கு உரிந்தபடி வந்து நின்றார். மனிசன் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நூறு வாட்டை, மஞ்சளை, மடத்தனத்தை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஃபிராவ் ஷெல்லிங் கொண்டையை நெடுநேரம் பார்த்தார். "என்னை விட்டுப் போன புருஷனும் இதைத்தான் செய்தார். கேட்டதற்குத் தோல் உரிகிறது என்றார். நம்பினேன். முன்பு வளர்த்த அந்தப் பச்சோந்தி செத்துப்போனது. இது சூட்டுக்காயம் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

மனிசன் தொண்டையைச் செருமினார். உரிகிற தோல் எப்படிக் கிளம்பும், சுட்ட தோல் எப்படி ஒட்டும், பல்புக்குக் கிட்ட உள்ள இடத்தை ஏன் முதலில் பார்க்க வேண்டும் என்று நிதானமாக, கையசைத்து, ஒரு பேராசிரியர் மாதிரி விளக்கினார். இம்முறை சுவரைப் பார்க்கவில்லை. ஒரு சொல் பொய்யில்லை. நான் என்ற ஒருத்தியும் அதில் இல்லை.

ஃபிராவ் ஷெல்லிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"ஃபிராவ் மூர்த்தி, வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள், இவரிடம் கேட்டு நாலு விஷயம் படியுங்களேன்."