‘குனிங்க’ அண்ணனும் துரை கட்டிய வீடும்

கண்டிப் பக்கத்தில் அதிகம் பேரைத் தலைகுனிய வைத்தவர் எங்கள் ‘குனிங்க’ அண்ணன்தான்.

கம்பளை ஊருக்கு மேலே, மேட்டில் அவர் காவல் காத்த பங்களா அப்படி. இங்கிலாந்திலிருந்து வந்த துரை ஒருவர், தன் ஊர்ப் பண்ணைவீட்டுக்கு ஏங்கி, அதே மாதிரி கட்டியது. வெள்ளைச் சுவரில் குறுக்கும் நெடுக்கும் கறுத்த மரச்சட்டங்கள். முகப்பில் மட்டும் அறுபத்திரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். வாசல்களோ நெற்றி உயரம். யார் வந்தாலும் அண்ணன், “குனிங்க!” என்று அலறுவார். நான்கரை அடித் தபால்காரரிடமும் அலறுவார். பூனையிடமும்தான். பூனை குனிந்ததை நானே பார்த்தேன்.

பழக்கதோஷத்தில் கம்பளை பஸ்ஸிலும் ஒருநாள் கத்திவிட்டார். நடத்துனர் உட்படப் பாதிப் பேர் குனிந்தார்கள்.

பிறகு வீடு விலைக்கு வந்தது. பார்க்க வருகிறவர் மரக்கடை ஹாஜியார். வீட்டைப் பிரித்து மரத்தை எடுக்கப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. சமையலறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையைத் தவிர அண்ணனுக்குப் போக்கிடம் கிடையாது. ஹாஜியார் வரும் நாள் காலையில் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார்.

“இன்னைக்கி வாயத் தொறக்க மாட்டேன் சார். நாலு வாசல், நாலு இடி. ஓடிருவாரு.”

“ரத்தம் வந்தால்?” எனக்குக் கவலை.

“கொஞ்சமா வரட்டும் சார்.”

ஹாஜியார் ஆறடி. முதல் வாசலை நெருங்கினார். அண்ணன் துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டார். தொப்பி சட்டத்தைத் தொடப் போன நொடியில் துண்டு பறந்தது.

“குனிங்க!”

ஹாஜியார் பயத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்த மூன்று வாசலிலும் அதே கதைதான். ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்று, குனிந்து, சட்டத்தைத் தடவிப் பார்த்தார்.

“ஆணியே இல்லியா?”

“எல்லாம் மர முளைங்க ஐயா,” என்றார் அண்ணன், அழாக்குறையாக.

கடைசி வாசலில் ஹாஜியார் நெடுநேரம் கையை எடுக்கவில்லை. “நான் பிரிக்கத்தான் வந்த. இப்ப மனசு வருதில்ல. வெள்ளக்காரங்க வந்து தங்குற எடமா வெப்போம். நீங்க இல்லாட்டி வாரவங்கட மண்ட ஒடஞ்சி போகும். இங்கயே இரிங்க.”

அவர் போனதும் அண்ணன் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார். “வாய் கேக்கல சார்.”

அடுத்தவருக்கு வலிக்கட்டும் என்று ஒரு முழு நிமிடம்கூட நினைக்கத் தெரியாத மனிதர். முழங்கால் வலியோடு இன்றைக்கும் அந்த மேட்டில் ஏறுகிறேன். வீட்டைப் பார்க்க அல்ல.