சம்பந்தி சேலையும் சொட்டு நீலமும்

பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஊரைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

போன வருடம் என் மகள் ஜெனிக்கு எரியோட்டில் மாப்பிள்ளை அமைந்தது. மாதா கோயிலில் நடக்கும் நிச்சயத்தன்று மாமியாரின் கல்யாணப் பட்டை மருமகள் கட்ட வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கணவரை இழந்த சம்பந்தியம்மா அந்த வெள்ளைப் பட்டுச் சேலையை ஒரு துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "பத்திரம் மதினி. இதக் கட்டிக்கிட்டுத்தான் அவுக கையப் பிடிச்சேன்."

வீட்டில் விரித்துப் பார்த்தேன். பீரோவில் கிடந்து மஞ்சளடித்திருந்தது. என் மகள் இதைக் கட்டிக்கொண்டா சபையில் நிற்பது?

முறை எனக்குத் தெரியும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு ஊறவைத்தேன். முறுக்காமல் துண்டில் ஒற்றி, நிழலில் உலர்த்தினேன். மஞ்சள் முக்கால்வாசி போய்விட்டது. (இந்த இடத்தில் கட்டுரை முடிந்திருக்க வேண்டும்.)

"நல்லாத்தான இருக்கு, விட்ரு" என்றார் என் கணவர்.

"மடிப்புல இன்னும் தெரியுதுங்க."

"ஃபாதர் பூதக்கண்ணாடியா வச்சுப் பாக்கப்போறாரு?"

அவர் வெளியே போனதும் மறுபடி வினிகர் தண்ணீரில் முக்கினேன். கூடவே சொட்டு நீலம் விட்டேன். அவர் வேட்டிக்கு வாராவாரம் போடுகிற கை, பயமே இல்லை. புளிப்பு சேர்ந்தால் பட்டு சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும் என்று பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் நடத்துகிற வேதியியல் டீச்சர் நான்தான்.

தூக்கிப் பார்த்தால் சேலை முழுக்க ஊதாத் திட்டுகள். அலசினேன், அலசினேன். தண்ணீர் வெளுத்தது, சேலை வெளுக்கவில்லை.

ஜெனி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா இது, மழை வாரமாதிரி இருக்கு?"

மறுநாளே நிச்சயம். வேறு வழியின்றி அதையே கட்டினாள். ஜெபம் முடியும்வரை சம்பந்தியம்மாவின் கண் சேலையை விட்டுப் பீடத்தின் பக்கம் போகவேயில்லை. வெளியே வந்ததும் கேட்டார். "மதினி, நான் குடுத்தது வெள்ளதான?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜெனியின் முந்தானையை விரல்களுக்கிடையில் வைத்துத் தடவினார்.

"அவுக போனதுலருந்து இத நான் தண்ணியிலயே போடல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இன்றைக்கும் குளியலறையில் பக்கெட்டில் துணி ஊறுவதைப் பார்த்தால் அந்தக் குரல் கேட்கிறது.

அவர் முந்தானையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "கிழியலல்ல?" என்றார்.

"இல்ல மதினி."

"அப்பச் சரி. சின்னவனுக்கு வாரவளும் இதையே கட்டட்டும். ஆனா ஒங்க வீட்டுக்கு மட்டும் அனுப்ப மாட்டேன்."

இப்போதெல்லாம் எரியோட்டு வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து அவர் குரல் வரும். "ஏலே, கொடியில வெள்ள வேட்டி கெடக்கு, எடுத்து உள்ள வைங்கலே! டீச்சர் வந்துட்டாக!"

வீடே சிரிக்கிறது. என் மகள்தான் முதலில் சிரிக்கிறாள். நானும் சிரித்துக்கொண்டு, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்கிறேன்.