மஞ்சள் கறுப்பு டேப் கொண்டுவந்த சித்தப்பாவுக்கு

எல்கடுவ,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் அண்ணன் மகள் நிரஞ்சனி வணக்கம் சொல்லி எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே அப்பா, அம்மா, நான், ஆடு எல்லோரும் சுகம். நீங்களும் சித்தியும் பிள்ளைகளும் கொழும்பு வெக்கையில் வாடாமல் இருக்க வேண்டும் என்று அம்மா எழுதச் சொன்னார். போன் இருக்கும்போது இந்தப் பிள்ளை ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்வதைத் திருத்துகிறார். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் சித்தி அதை ஸ்பீக்கரில் போட்டு அடுத்த வீட்டுக்கும் கேட்க வைக்கிறார். எனக்கோ நாலு பேர் கேட்கிறார்கள் என்றாலே குரல் இறங்கிவிடும். அதனால் எழுதுகிறேன். மரியாதைக் குறைவாக ஏதும் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும்.

தீபாவளிக்கு வந்தபோது, வேலை செய்யும் கட்டிடத்து ஸ்டோரில் மிஞ்சியது என்று மஞ்சள் கறுப்புக் கோடு போட்ட டேப் ஒரு பெரிய சுருள் கொண்டுவந்து, "எதுக்காச்சும் ஒதவும்ணே" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனீர்களே, அது உதவிவிட்டது. மற்ற வீடுகளில் சித்தப்பாமார் கேக் கொண்டுவருகிறார்கள். அடுத்த வீட்டு லெட்சுமணன் மாமாவின் கோழிகள் நம் போஞ்சிப் பாத்தியைக் கிளறுகின்றன என்று, நீங்கள் பஸ் ஏறிய மறுநாளே அப்பா அந்த டேப்பை எடுத்துப் பாத்தியைச் சுற்றிக் கட்டினார். கோழிகள் குனியக்கூடத் தேவையில்லாமல் அதற்குக் கீழே போய்வந்தன. ஆனால் தேயிலைக் கவ்வாத்து வெட்டி முடிந்து கத்தியோடு வந்த லெட்சுமணன் மாமா அதைப் பார்த்து நின்றார். வெகுநேரம் நின்றார். பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். கொரோனா நேரம் சுகாதாரப் பகுதிக்காரர்கள் இதே மாதிரி டேப்பைத்தான் அவர்கள் வாசலில் கட்டினார்கள். அதை அவிழ்த்த பிறகும் எத்தனையோ நாள் அந்த வீட்டு ராசம்மா அத்தை பீலிக்குத் தண்ணீருக்குப் போனால் மற்றவர்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். நம் அப்பாவுக்கு அந்த நினைப்பே வரவில்லை. அவர் கண்ணுக்குக் கோழி மட்டும்தான் தெரிந்தது.

இதை வாய் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்காமல் மாமா என்ன செய்தார் தெரியுமா, அடுத்த நாள் பழைய கூரைத் தகரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு என்னிடம் வந்து, தன் வாசலில் வைக்க 'நோ என்ட்ரி' என்று இங்கிலீசில் எழுதித் தரச் சொன்னார். பீலிக்கு நாங்கள் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால் அது யாருக்கு என்று எனக்குப் புரிந்தது. தமிழிலேயே எழுதலாமே மாமா என்று சொல்லிப் பார்த்தேன்.

"தமிழ்ல எழுதினா வாசிச்சிட்டு சண்டைக்கு வருவானுங்க புள்ள. இங்கிலீசுன்னா பேசாம நிப்பானுங்க."

சித்தப்பா, நான் படித்தது புவியியல். அதையும் தமிழில்தான் படித்தேன். பட்டம் என்றால் இங்கிலீசு என்று இந்த லயத்து வரிசை வீடுகளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நீங்களாக இருக்கும். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது, எழுதிக் கொடுத்தேன். அப்பா அந்தத் தகரத்தைப் பார்த்தார். மிச்ச டேப்பை எடுத்து நம் முற்றத்துக்குக் குறுக்கே, ரோட்டிலிருந்து மாமா வீட்டுக்குப் போகிற ஒரே வழியை, பலா மரத்துக்கும் தூணுக்குமாக இழுத்துக் கட்டினார். கட்டிவிட்டு அதை விடப் பெரிய வார்த்தை கேட்டார். 'ப்ரொஹிபிட்டட்' என்று எழுதினேன். எழுத்துகளை விரலால் எண்ணிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பொழுது சாயும் நேரம் மாமா பின்பக்கத் தண்ணீர்க் கானைத் தாண்டி வந்து, அதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். 'ஃபோர்பிடன்' என்றேன். எழுதிக் காட்டினால் ஒரு எழுத்துக் குறைவு. சின்ன வார்த்தையைக் கொடுத்து ஏமாற்றப் பார்க்கிறாயா, ராமசாமி மகள்தானே நீ என்று கோபித்துக்கொண்டார். முன்னால் ஒரு 'ஸ்ட்ரிக்ட்லி' சேர்த்த பிறகுதான் சமாதானமானார். 'பார்ட்' என்று ஒரு சொல் உண்டு, அடைத்தே விட்டாயிற்று என்று அர்த்தம் என்று அப்பாவிடம் சொன்னேன். அது காணாது, பார்த்தால் கடைப் பெயர் மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கடைசியில் துரை பங்களா கேட்டில் தொங்குவதை அப்படியே எழுதச் சொன்னார். 'ட்ரெஸ்பாஸர்ஸ் வில் பி ப்ரொஸிக்யூட்டட்.' அத்துமீறி வந்தால் வழக்குப் போடுவோம் என்று அர்த்தம் அப்பா, நாம் எங்கே கோர்ட்டுக்குப் போவது என்றேன். "பங்களா போர்ட யாராச்சும் வாசிச்சா நின்னாங்க? பாத்துத்தானே நின்னாங்க" என்றார். இரண்டு வாசலிலும் தொங்கியது என் கையெழுத்து. அதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். த்ரீவீலில் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் கொண்டுவரும் றிஸ்வான் நானா டேப்பைக் கண்டு மண்சரிவு அபாயம் என்று நினைத்து, த்ரீவீலைக் கீழ் வளைவிலேயே நிறுத்திப் பாட்டை மட்டும் மேலே அனுப்பினார். "மண்சரிவு இல்ல நானா" என்று நான் கூப்பிட்டேன். என் குரல் போஞ்சிப் பாத்தியைக்கூடத் தாண்டவில்லை. அம்மா பாணுக்குக் கீழே இறங்கி, தண்ணீருக்கு அடுத்த லயத்துக்கு ஏறி, ராத்திரி காலை நீட்டிக்கொண்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பெருமூச்சு விட்டார். அப்பாவோ தன் டேப்புக்குத் தானே குனிந்து குனிந்து போய்வந்து, அது இருப்பதையே மறந்துவிட்டார். நான் வாசலில் தகரத்தையும் எழுத்தையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஆசிரியர் நியமனப் பரீட்சைக்குப் புத்தகம் பிடிக்க வேண்டிய கையில் எல்லாம் பெயிண்ட்.

இதெல்லாம் போகட்டும். மாமாவின் மகள் விஜிதாக்கா மாத்தளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று, தாய் வீட்டுக்கு வந்திருக்கிறார். கல்யாணம் கட்டி இத்தனை வருசம் கழித்துக் கிடைத்த பிள்ளை. நிறை பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், டேப்பைக் கண்டு இந்த வீட்டில் என்ன நோய் என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். ராசம்மா அத்தை அந்தப் பக்கம் அழ, நம் அம்மா இந்தப் பக்கம் அழுதார். பிள்ளை பிறந்தால் திருவிழா அன்று அம்மன் தன் வாசலில் நிற்க வேண்டும், அங்கேயே பிள்ளைக்குத் திருநீறு பூச வேண்டும் என்பது அத்தையின் நேர்த்திக்கடன். அம்மன் அங்கே போக வேண்டும் என்றால் நம் முற்றத்தால்தான் போக வேண்டும். கானுக்குள் சப்பரம் இறங்காது. அவிழ்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் அம்மா சொன்னார். அவன் வந்து கேட்கட்டும் என்றார் அப்பா. மாமா அங்கே, கட்டினவன் அவிழ்க்கட்டும் என்றாராம்.

போன வெள்ளிக்கிழமை சப்பரம் வந்தது. முன்னால் விளக்குப் பிடித்து வந்தவர் யார், அப்பா. வேகமாக வந்து தன் டேப்பில் தானே நெஞ்சு முட்டி நின்றார். மேளம் நின்றது. சப்பரம் தூக்கிய பொடியன்கள் டேப்பைப் பார்க்கிறார்கள், போர்டைப் பார்க்கிறார்கள், ஒருவரும் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. அந்தப் பக்கம் ராசம்மா அத்தை ஆரத்தித் தட்டோடு, பக்கத்தில் பிள்ளையோடு விஜிதாக்கா. பூசாரி, "என்ன போட்டிருக்கு? அம்மன் போகலாமா?" என்று கேட்டார். முழு லயமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ஓடிவிடலாம் என்று நினைத்தேன், பின்னால் ஆட்கள். அத்தை முகத்தைப் பார்த்துக்கொண்டே, எங்கிருந்து வந்ததோ தெரியாத ஒரு குரலில் வாசித்தேன்.

"உள்ள வராதீங்க. வந்தா கோர்ட்டுக்குப் போவோம்."

அந்தப் பக்கத்து போர்டில் என்ன என்று கேட்டார்கள்.

"அதுவும் அதேதான். உள்ள வராதீங்க. கண்டிப்பா."

"அம்புட்டு நீளத்துக்கும் அம்புட்டுத்தானா?" என்றார் ராசம்மா அத்தை. "இத நான் தெனம் கோழிக்குச் சொல்றேனே."

முதலில் மேளக்காரர் சிரித்தார். பிறகு யார் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அப்பா விளக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு முடிச்சை அவிழ்க்கப் போனார். கொழுந்துச் சாக்குக் கட்டிப் பழகிய கை போட்ட முடிச்சு, மழையில் வேறு இறுகியிருந்தது, அசையவில்லை. லெட்சுமணன் மாமா கவ்வாத்துக் கத்தியோடு இறங்கி வந்தார். சிரிப்பு நின்றது.

"ஒன் கோழிக்குக் கட்டினதுடா," என்றார் அப்பா, முடிச்சைப் பார்த்துக்கொண்டே. "ஒனக்கில்ல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல."

"நீ கேட்டியா?"

மாமா கத்தியைத் திருப்பி, பிடி அப்பா பக்கம் இருக்கும்படி நீட்டினார். அப்பா ஒரே வெட்டில் வெட்டினார். அம்மன் போனாள். பூசாரி திருநீறு பூசியதும் பிள்ளை தும்மியது. அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார், இன்னும் வலிக்கிறது. இரண்டு தகரமும் இப்போது மாமாவின் கோழிக்கூட்டுக்குக் கூரை. நேற்று மிட்வைஃப் மிஸ் வந்து நிறை பார்த்தார். பாண் வாசலுக்கு வருகிறது.

ஆகவே சித்தப்பா, காலைத் தொட்டுக் கேட்கிறேன், இனி இந்த வீட்டுக்குக் கோடு போட்ட எந்தச் சாமானும் கொண்டுவராதீர்கள். சட்டைகூட வேண்டாம். லயத்தில் தடை என்ற பேச்சே ஓய்ந்துவிட்டது. சித்திக்கு என் அன்பு, தம்பி தங்கைக்கு முத்தம். உங்கள் எல்லோருக்கும் அம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மகள்
நிரஞ்சனி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அப்பாவும் லெட்சுமணன் மாமாவும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள், கையில் புதுத் தகரம். மேல் லயத்து ஆடு இரண்டு வீட்டுப் பாத்தியிலும் மேய்ந்துவிட்டதாம். இங்கிலீசு இனிச் சரிவராது, அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்கிறார்கள். மாமாவின் மகன் தர்சன் கொரியா வேலைப் பரீட்சைக்காக மாத்தளையில் கொரிய மொழி படிக்கிறான் அல்லவா, அவன் 'உள்ளே வரக்கூடாது' என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான், நான் பார்த்து வரைய வேண்டுமாம். வட்டமும் கோடுமாக இருக்கிறது, பார்த்தாலே பயமாக இருக்கிறது என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஸ்டோரில் சிவப்பு வெள்ளை டேப் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது இரண்டு சுருள் கொண்டுவரட்டுமாம், அப்பா சொல்லச் சொன்னார். முதல் எழுத்தை வரைந்துவிட்டேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.